லிமெரிக்கில் போன இருநூறு கோட்டு

அப்பா கழுதை வண்டியில் காலுறை விற்றுத் தொடங்கிய வியாபாரம் எங்களுடையது. அவர் போனபின் அம்மா கையில் அது துவாமில் ஒரு கடை, பாலினஸ்லோவில் ஒரு கடை, என்னிஸில் ஒரு கடை என்று பெருகிக்கொண்டே போனது. நாலாவதை ஐம்பத்தெட்டு நவம்பரில் லிமெரிக் நகரத்தில் திறந்தோம். மூன்று மாடி, லிஃப்ட் வேறு! அதை என்னிடம் விட்டார் அம்மா; சாவி மட்டும் அவர் கழுத்திலேயே தொங்கியது. எனக்கு இருபத்துநாலு வயது. மலாக்கி அண்ணனுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"முதல் வாரமே சொதப்பினா சாவி என் கைக்கு வரணும். தங்கச்சி அட்ராக்டா துவாம் கடைக்கே போய் ரிப்பன் அளந்து வெட்டட்டும்" என்றான் என்னைக் காட்டி. அம்மாவும் தலையாட்டிவிட்டார்.

எங்கள் கில்ஹூலி குடும்பக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்க்கலாம். பிடித்தால் திங்கட்கிழமை பணம், இல்லையென்றால் கோட்டு. பேரெல்லாம் எழுத மாட்டோம். துவாமில் எல்லோரும் தெரிந்த முகம். லிமெரிக்கில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது என்பது கடை திறந்த அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் உறைத்தால்தானே!

"எடுத்துட்டுப் போங்கக்கா! வீட்டுக்காரர் பாத்துச் சொல்லட்டும்!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் கடையில் இருநூறில் ஒரு கோட்டுகூட இல்லை.

"எவ்வளவுடி வித்துச்சு?" என்றான் மலாக்கி.

"ஒண்ணும் விக்கலை. ஆனா எல்லாம் போயிடுச்சு!"

"பேராவது எழுதினியா?"

நான் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினேன். வெறும் தாள்.

மறுநாள் ஞாயிறு, பெரிய கோவிலில் பதினோரு மணிப் பூசை. பாடகர் மாடியில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். அட கடவுளே! வரிசை வரிசையாக என் கோட்டுகள்! சிவப்பு, பச்சை, ரோமக் கழுத்து வைத்தது, பெரிய பொத்தான் வைத்தது. எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்ளக் கை தூக்கியதும், உள்ளே செருகியிருந்த விலைச்சீட்டுகள் அத்தனை கோட்டுக் கையிலிருந்தும் வெளியே விழுந்து ஆடின. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்தால், சிரிப்பு!

"சிரிங்க, சிரிங்க" என்று பல்லைக் கடித்தான் மலாக்கி. "இன்னிக்கு ஒரு நாள் மினுக்கிட்டு, நாளைக்கு இருநூறு கோட்டும் மெழுகுவத்தி நாத்தத்தோட திரும்பி வரும். அம்மா, சாவியை என்கிட்ட கொடுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கடை போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புதுத் துணியில் ஒருத்தரைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் வாழ்த்தாமல் விட மாட்டோம். வாழ்த்து வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டோம். கொடுத்தால் அந்த வருஷம் விளங்காது.

கடைசி ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடி, கோவில் வாசலை மறித்து நின்றேன். முதலில் வந்தது ஒரு தடித்த அம்மாள், பச்சைக் கோட்டில்.

"கிழியக் கிழியப் போட்டுக்கிட்டு நல்லா இருங்கக்கா!" என்றேன், தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி.

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. "அடிப்பாவி!" என்றாள். பின்னாலிருந்த அண்டைவீட்டுக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களை மட்டும் விடுவேனா? சிவப்புக்கு வாழ்த்து, ரோமக் கழுத்துக்கு வாழ்த்து. பக்கத்துக் கதவில் அம்மாவும் வந்து நின்றுகொண்டு என்னைவிடச் சத்தமாக வாழ்த்தினார். கடைசியில் ஒருத்தி தூணுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போனாள். கடுகு மஞ்சள் கோட்டு, கைக்குள் விலைச்சீட்டு. பார்த்தால் டிம்ப்னா, மலாக்கியின் பெண்டாட்டி!

"அண்ணி! கிழியக் கிழியப் போட்டுக்கிட்டு நல்லா இருங்க!"

மலாக்கி படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை கடை திறக்குமுன்னே வரிசை தெருத் திரும்பி நின்றது. திட்டிக்கொண்டே பணம் கட்டினார்கள். பாதிப்பேர் அதே கையோடு கையுறையும் தொப்பியும் வாங்கினார்கள். வரிசையின் கடைசி ஆள் என் அண்ணன்.

அவன் பணத்தை வைத்ததும் அம்மா தன் கழுத்திலிருந்த சாவிக் கயிற்றைக் கழற்றினார். எல்லோரும் பார்க்க அதை என் கழுத்தில் போட்டார்.

"கிழியக் கிழியப் போட்டுக்கிட்டு நல்லா இருடி" என்றார்.