காலேஜ் கட்டை

தீப்பெட்டி ஆபீசில் காலையில் உட்கார்ந்ததும் அடுக்குகிற முதல் கட்டைக்குக் கூலி கிடையாது. அது காலேஜ் கட்டை. சட்டத்தில் வரிவரியாகக் குச்சி செருகி, இறுக்கி, ஓரமாக வைத்துவிட வேண்டும். அந்தக் கூலி விருதுநகர்ப் பக்கம் இருக்கிற பெண்கள் கல்லூரிக்கு. எட்டு வருசத்துக்கு முன்னால் உக்கிரபாண்டி முதலாளி இதைக் கொண்டுவந்தபோது பெண்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அவர்கள் வாயை அடைத்தது சோலையம்மாள்தான்.

"நாளைக்கு நம்ம பிள்ளைகதான அங்கன படிக்கப் போகுது? ஒரு கட்டை அடுக்குறதுல விரலா தேஞ்சுரும்?" என்று கேட்டு, முதல் ஆளாக அடுக்கினாள். ஒரு தடவை காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தவள், எழுந்து வந்ததும் விட்டுப்போன காலேஜ் கட்டைகளையும் சேர்த்து அடுக்கிக் கொடுத்தாள். "யாரும் கேக்கலையேத்தா" என்றார் கணக்குப்பிள்ளை ஜெயச்சந்திரன். "நான் கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

இந்த வருசம் அவள் மகள் பேச்சியம்மாள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். தகப்பன் இல்லாத பிள்ளை. அந்தத் தெருவில் தேறிய முதல் பெண். மகளைக் கூட்டிக்கொண்டு சோலையம்மாள் பஸ் ஏறினாள்.

கல்லூரி வாசலில் அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. சொந்த வீட்டுக்குள் போகிறவள் மாதிரி நடந்தாள். தாவணிப் பெண்கள் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று வளையம் எறிந்து விளையாடினார்கள். மாடியில் ஒரு வகுப்பே சேர்ந்து இங்கிலீஷ் பாட்டு ஒப்பித்தது. பேச்சி ஒரு ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். "எம்மா, அம்புட்டும் பொஸ்தகம்மா."

கல்லூரிக் குமாஸ்தா மார்க்கைப் பார்த்துவிட்டு, "இடம் உண்டு. படிப்புச் சம்பளம், ஆஸ்டல், சாப்பாடு எல்லாம் சேத்து வருசத்துக்கு எழுநூறு ரூபா" என்றார்.

"நாங்க எட்டு வருசமாக் கட்டை அடுக்கிக் குடுத்திருக்கோமேய்யா."

அவருக்குப் புரியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெயரைச் சொன்னதும் எழுந்து, முகப்பில் பதித்திருந்த கல்லைக் காட்டினார். மூன்றாவது வரியில் உக்கிரபாண்டி முதலாளி பெயர் இருந்தது. "பத்தாயிரம் குடுத்தவுக வருசத்துக்கு ஒரு பிள்ளைய இனாமாச் சேக்கலாம். உங்க மொதலாளிகிட்ட ஒரு காயிதம் வாங்கிட்டு வாங்க, ஒரு பைசா வேண்டாம்."

பேச்சி கல்லை மேலிருந்து கீழே வாசித்தாள். கட்டையைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை. 'காயிதம்தான, குடுக்காமலா போவாரு' என்று தேற்றிக்கொண்டே சோலையம்மாள் ஊர் திரும்பினாள்.

மறுநாள் முதலாளி முகம் மலர்ந்துதான் கேட்டார். "பேச்சி தேறிட்டாளா? சந்தோசம். ஆனா இந்த வருசக் காயிதம் போயிருச்சே. காரியாபட்டி சுந்தரபாண்டி மகளுக்குக் குடுத்தாச்சு."

"அவுகளுக்குக் கெணறும் தோட்டமும் கெடக்கே மொதலாளி."

"அந்தத் தோட்டத்துலதான நமக்குப் புது ஆபீசு வருது?"

"அடுத்த வருசம்?"

"என் மச்சினன் பிள்ளை இருக்கு. பாப்போம்."

"அந்தப் பணம் எங்க கட்டை மொதலாளி."

முதலாளி சிரித்தார். "கட்டை நீங்க அடுக்குனது. குச்சி யாருது? முனையில முக்குற மருந்து யாருது?" பிறகு இரக்கப்பட்டவர் போல, "ஆஸ்டல் அடுப்படிக்கு ஆள் கேக்குறாக. பேச்சிய அனுப்பு. வயித்துக்கும் ஆச்சு, காலேஜ்ல இருந்த மாதிரியும் ஆச்சு" என்றார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் கூடக் கட்டை அடுக்குகிற செல்லக்கனி பிடித்துக்கொண்டாள். "என்ன மதினி, மகளுக்கு எத்தனாம் நம்பர் ரூமு?" நாலு பேர் சிரித்தார்கள். சோலையம்மாள் தலை நிமிரவில்லை.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்படி வேலையையும் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக எச்சித்தட்டைக் களுவ என்னால ஆகாது. ஒங்கூட ஆபீசுக்கே வாரேன்" என்றாள் பேச்சி. அழவில்லை. பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்து உதறி, சோத்துச்சட்டி வைக்க எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயச்சந்திரன் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "மொதக் கட்டை காலேஜுக்கு. அம்மா சொல்லிருப்பாளே." குத்திக்காட்டிச் சொல்லவில்லை, எல்லாரிடமும் சொல்கிறதைத்தான் சொன்னார்.

கொட்டகையில் குச்சிச் சத்தம் நின்றது.

சோலையம்மாள் மகள் மடியிலிருந்த சட்டத்தைப் பிடுங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

"இவ அடுக்கமாட்டா."

"சேந்த அன்னைக்கே வம்பாத்தா? அடுக்காட்டி மொதலாளி வெளிய போகச் சொல்லுவாரு."

"கட்டை வந்து சேந்தாச் சரிதான ஒங்களுக்கு? இவ கைபட்டு அந்தக் காலேஜுக்கு ஒரு குச்சி போகாது."

ஜெயச்சந்திரன் நோட்டில் இரண்டு கட்டை குறித்துக்கொண்டார். கணக்குக்கு யார் அடுக்கினாலும் ஒன்றுதான். போய்விட்டார்.

பேச்சி இரண்டாவது சட்டத்தை எடுத்து, கூலிக் கட்டையைத் தட்டுத் தடுமாறி அடுக்கத் தொடங்கினாள். சோலையம்மாள் தன்னுடைய காலேஜ் கட்டையை முடித்து ஓரமாக வைத்தாள். பிறகு மகள் பங்கை எடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தினமும் இரண்டு காலேஜ் கட்டை.