முதுகுப்பையில் வந்த மலை

அஜர்பைஜான் நாட்டு மலை ஒன்று, போன மாசி மாதம், ராணியம்மாளின் முதுகுப்பையில் உள்பாவாடைக்கும் புளிக்காய்ச்சல் டப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. வந்த மலை இன்றைக்கும் அவள் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கும் வாழைமரத்துக்கும் இடையே நிற்கிறது. அழுகிய முட்டையையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாகக் கலக்கி, அதில் லாரி டிரைவரின் சாக்ஸை ஒரு வாரம் ஊறப்போட்டால் என்ன வாடை வருமோ அதுதான் அந்த மலையின் வாடை. ஊரில் மூக்கு உள்ள அத்தனை பேரும் இதை நம்பினார்கள். நம்பாதவள் ஒருத்திதான், கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ராணியம்மாளின் அக்கா ராஜம்மாள். அவளுக்கும் மூக்கு இருந்தது, வேலைதான் செய்யவில்லை.

கொரோனா வந்த வருஷம் ராஜம்மாளுக்கு ஜுரம் வந்து போனது. போகும்போது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் ரெண்டு மாசத்தில் திரும்பிய மூக்கு அவளுக்கு மட்டும் வருஷக்கணக்கில் திரும்பவில்லை. மல்லாட்டை என்று அவர்கள் ஊரில் சொல்கிற வேர்க்கடலையை வறுத்துத் தின்றாலும் மண்ணை வறுத்துத் தின்றாலும் வாய்க்கு ஒன்றாகிவிட்டது. வாசனை தெரியாத சோறு தொண்டையில் இறங்காது என்பதால் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி குடித்தாள். மணிக்கட்டில் இருந்த வளையல் முழங்கையைத் தாண்டி ஏறிக்கொண்டது. காற்று பலமாக அடிக்கிற நாளில் அவளைக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படியே போனால் அடுத்த மல்லாட்டை பிடுங்குவதைப் பார்க்க இவங்க இருக்க மாட்டாங்க என்று டாக்டர் ராணியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அன்றைக்கே அக்காவைத் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னாள்.

"ஆடு முட்ட போட்டுச்சுன்னு ஊரையே கூட்டனவ நீ," என்றாள் ராஜம்மாள். "பொய்க்காரி வீட்டுல வந்து நான் சோறு துன்னணுமா? போடி."

ஆடு முட்டை போட்டதாக ராணியம்மாள் சொன்னது ஆறு வயதில். அக்கா அதை மறக்கிற ஜாதி இல்லை.

ராணியம்மாளின் கணவர் சக்கரவர்த்தி வேலூர் வண்டியில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் சொந்த வீடு, மாடியில் வாடகை அறைகள், அறைக்கு ஒரு வெள்ளைக்காரர். அவர்களைப் பார்த்து முகம் சுளித்துச் சுளித்தே ராணியம்மாளுக்கு வயசாகிவிட்டது. செருப்பில்லாமல் கக்கூசுக்குப் போன காலோடு பாயில் உட்கார்ந்தார்கள். சடைமுடியை மழை பெய்தால் மட்டும் நனைத்தார்கள். ஒருத்தன் தாடியில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்துபோன பிறகுதான் விஷயம் அவனுக்கே தெரிந்தது. ராணியம்மாள் அடிவயிற்றிலிருந்து ஒரு "சீ" சொன்னால் எதிர்வீட்டில் காய்ச்சிக்கொண்டிருக்கும் பால் திரிந்துவிடும். அப்படித் தங்கிய ஒரு ஜோடி ஊருக்குப் போகும்போது ஆள் உயரத்துக்கு இரண்டு முதுகுப்பைகளை விட்டுவிட்டுப் போனது. அதை அவள் நாலு தடவை துவைத்துக் காயப்போட்டபோது சக்கரவர்த்திக்கு அந்த யோசனை வந்தது.

"இத்தினி வருஷமா அவங்க வந்து நம்ம ஊரை மோந்து பாத்தாங்க. ஒரு வாட்டி நாம போய் அவங்க ஊரை மோந்து பாத்துட்டு வரலாம், வா."

"அஜர்பைஜான்காரன் எவன் நம்ம மாடியில தங்கினான்?"

"எவனும் தங்கல. விசா அங்கதான் சீக்கிரம் குடுக்குறாங்க."

ராணியம்மாள் சம்மதித்ததற்குக் காரணம் வேறே. அந்த நாட்டுச் சந்தையில் குங்குமப்பூவும் ரோஜா எண்ணெயும் குவித்து வைத்திருப்பார்கள், பத்துத் தெருவுக்கு மணக்கும் என்று மாடியில் இருந்த ஒரு பெண் சொல்லியிருந்தாள். அந்த மாதிரி ஒரு வாசனை அக்காவின் மூக்கைத் திறக்காதா என்று நினைத்தாள். பையில் புளிக்காய்ச்சலை அடைத்து, வெளியே ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கக்கூசில் காகிதத்தை நம்பி உட்காருகிற நாட்டுக்கு மக் இல்லாமல் போவதாக இல்லை.

பக்கூ நகரத்தில் அவர்கள் தங்கிய இடம், முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் அடுக்குக் கட்டிலில் ரயில் பெட்டி மாதிரி படுக்கிற ஓர் அறை. சக்கரவர்த்தி மேல் கட்டில், ராணியம்மாள் கீழ். எதிர்க்கட்டில் பையனின் சாக்ஸ் தரையில் தானாகவே நின்றது. விடியும்போது அதுவே பாத்ரூம் வரை நடந்து போய்விட்டுத் திரும்பியதை அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாத்ரூம் சாக்கடைத் துளையில் உருண்டு கிடந்த முடிக்கற்றை அவள் உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தது. காலையில் சமையலறையில் ஆட்டுக்கால் விடிய விடியக் கொதித்து, மேலே கொழுப்பு ஏடு கட்டி நடுங்கியது. அதை ஒருத்தன் ஆசையாக உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டு ராணியம்மாளுக்கு ஊரில் தின்றதெல்லாம் ஞாபகத்துக்கு வந்து வெளியேயும் வந்தது. வெறும் சோறாவது வடித்துத் தாளித்துச் சாப்பிடலாம் என்று அவள் பெருங்காய டப்பாவைத் திறந்த அடுத்த நிமிஷம் கட்டிடத்தில் மணி அடித்தது. எரிவாயு கசிகிறது என்று எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது. தொப்பிக்காரர் டப்பாவைத் தொட்டுப் பார்க்கவே மூன்று கையுறை மாட்டினார், மோந்து பார்த்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

"பெருங்காயத்தைப் போய் நாறுதுன்னு சொல்றானுங்களே," என்று ராணியம்மாள் அன்று முழுக்கப் புலம்பினாள். அருவருப்பு என்பது தன் வீட்டுச் சொத்து என்று அதுவரை நினைத்திருந்தவள், தன்னைப் பார்த்தும் ஒரு ஊர் முகம் சுளிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அடுத்த நாளே சந்தையில் ரோஜா எண்ணெயும் குங்குமப்பூவும் வாங்கி, மீதி நாளில் ஊர் சுற்றினார்கள்.

மலையைப் பார்த்தது அப்படித்தான். பழைய வண்டி ஓட்டும் ரூஸ்தம் என்கிற கிழவர் ஊருக்கு வெளியே பொட்டல்காட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சேறு கக்கும் குன்றுகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று மற்றவற்றை விட்டுத் தள்ளித் தனியாக நின்றது. பனைமரத்தில் பாதி உயரம். உச்சியில் ஒரு வாய், அந்த வாயில் சாம்பல் நிறச் சேறு குமிழி விட்டு, விருந்து சாப்பிட்டவன் மாதிரி ஏப்பம் விட்டு, ஓரமாக வழிந்தது. வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து ஓடினார்கள். இவர்களும் ஓடியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து சக்கரவர்த்தியின் போனில் தெரு குரூப்பிலிருந்து, இன்று பௌர்ணமி, கிரிவலம் வர உகந்த நேரம் இது என்று செய்தி வந்து விழுந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு பௌர்ணமி விட்டவர்கள் இல்லை. தனியாக ஒரு மலை, வானத்தில் நிலா, போனில் நேரம். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஷூவைக் கழற்றி வைத்தார்கள்.

சேறு பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. எருமைக்கு வயிறு போனால் தொழுவம் எப்படியிருக்குமோ அப்படி விரல் இடுக்கில் பிதுங்கிக்கொண்டு ஏறியது. ராணியம்மாள் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சீ சொன்னாள், வலத்தோள் பக்கம் மலையை வைத்துக்கொண்டு நடந்தாள், அண்ணாமலைக்கு அரோகரா என்றும் சொன்னாள். அந்த மலை பிறந்த நாளிலிருந்து அதை ஏறி மிதித்தவர் உண்டு, முகம் சுளித்தவர் உண்டு, சுற்றி வந்து கும்பிட்டவர் கிடையாது. பாதிச் சுற்றில் ஏப்பம் நின்றது. சேறு வழிவது நின்றது. மலை மூச்சை அடக்கிக்கொண்டு இவர்களையே பார்த்ததாக ரூஸ்தம் கிழவர் பிற்பாடு சொன்னார். சுற்று முடிந்ததும் ராணியம்மாள் தப்பு பண்ணினாள். விழுந்து கும்பிட்டு எழுந்தவளின் கை, பழக்கத்தில், காலடியில் இருந்த சாம்பல் சேற்றை விபூதியென்று கிள்ளித் தன் நெற்றியிலும் புருஷன் நெற்றியிலும் பூசிவிட்டது. மீதியை அதே பழக்கத்தில் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டாள். நாற்றம் மூளையில் ஏறிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதற்குள் பிரசாதம் வாங்கியாகிவிட்டது. மலை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

விமான நிலையத்துத் தராசில் பை ஊரிலிருந்து கிளம்பும்போது இருந்த எடையையே காட்டியது, ஆனால் தூக்கி வைக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. விமானத்தில் முன்வரிசைக் குழந்தைகள் அழுதுகொண்டே தூங்கிவிட்டன, ஒரு பெரிய மனிதர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டார். வீட்டுக்கு வந்ததும் ராணியம்மாள் அந்தப் பொட்டலத்தை வாழைமரத்தடியில் வீசினாள். விடிந்தபோது அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு, உச்சியில் சின்ன வாய். பங்குனியில் இடுப்பு, சித்திரையில் மதில் சுவர். ரூஸ்தம் கிழவர் போட்டோ அனுப்பினார், மலை இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தைச் சுற்றி இரண்டு ஜோடி வெறுங்கால் தடம். தெருவில் காக்காய்கள் சுற்றுவழியில் பறந்தன. பால்காரர் சந்து முனையிலேயே மணி அடித்துவிட்டு நின்றார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அன்பரசன் முகத்துக்கு மாஸ்க் போட்டு, மாஸ்க்குக்கு மேலே எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டார். முனிசிபல் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து சேற்றை பாட்டிலில் எடுத்துப் போய், இது சேறு என்று எழுதிக் கொடுத்தார்கள். மாடி வெள்ளைக்காரர்கள் மட்டும் இறங்கி வந்து அதை உடம்பெல்லாம் பூசி வெயிலில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் ராணியம்மாளுக்கு மலையைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது. சாயங்காலம் ஒரு தடவை சுற்றி வந்தால் மலை அடங்கி இருக்கும், சுற்றாவிட்டால் கோபித்துக்கொண்டு சமையலறை ஜன்னலைப் பார்த்து ஏப்பம் விடும். அதனால் ராணியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் சுற்றினாள்.

ரோஜா எண்ணெயை ராஜம்மாளின் மூக்கில் தடவியபோது அவள், "தண்ணியா?" என்று கேட்டாள். குங்குமப்பூவைத் தவிடு என்றாள். மலை விஷயத்தைப் போனில் சொன்னபோது சிரித்துச் சிரித்து இருமினாள். ரூஸ்தம் போட்டோவைக் காட்டினால், "இப்பல்லாம் போனுல யானைக்கி ரெக்கை முளைக்கிற படமே வருது," என்றாள். "அந்த மலை வந்தது நெசம்னு என் வாயால சொன்னேன்னா, அன்னிக்கே மூட்டையக் கட்டிக்கினு உன் வூட்டுக்கு வர்றேன், போ." ராணியம்மாளுக்கு இந்தப் பேச்சு ஒன்றே போதுமானதாக இருந்தது. அக்கா பிழைப்பதும் பிழைக்காததும் இனி அந்த நாறிய மேட்டின் கையில்.

ஐப்பசி பௌர்ணமிக்கு சக்கரவர்த்தி கீழ்பென்னாத்தூருக்கே போய் அவளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ் ஜன்னலை மூடித்தான் வைக்க வேண்டியிருந்தது, திறந்தால் ராஜம்மாள் பறந்துவிடுவாள். வந்தவள் பின்கட்டில் இருந்த மலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"செப்டிக் டேங்க் தோண்டுன மண்ணு."

"அது ஏப்பம் விடுதுக்கா!"

"டேங்க்குன்னா காஸ் வரத்தான் செய்யும். அள்ளிப் போட ஆள் கெடைக்கலன்னு சொல்லு, அதுக்கு ஒரு நாட்டை ஏன்டி இழுக்குற?"

ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மூக்கில் புடவைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு காபி போட உள்ளே போனாள். ராஜம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் மலைக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள். வாழை இலைக்கு மேலே நிலா வந்தது. ரோட்டில் கிரிவலம் போகிறவர்களின் சத்தம் கேட்டது. பெரிய மலையைச் சுற்றக் காலில் தெம்பில்லை, நாலு வருஷமாகச் சுற்றவில்லை. எதிரே ஏதோ ஒரு மேடு இருக்கிறது, பௌர்ணமியாகவும் இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு முடியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, செப்டிக் டேங்க் மண்ணைச் சுற்றுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஒரு சுற்று வந்தாள். சுற்று முடிந்ததும் குனிந்து ஒரு கிள்ளு எடுத்து நெற்றியில் பூசினாள். தங்கைக்கு இருக்கிற கைதானே அக்காவுக்கும்.

மலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அஜர்பைஜானிலிருந்து அடக்கி வைத்திருந்த ஏப்பத்தை எல்லாம் சேர்த்து அவள் முகத்துக்கு நேரே விட்டது.

சமையலறையில் நின்ற ராணியம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள், அதற்குப் பின்னால் இன்னொரு சத்தத்தையும் கேட்டாள். "சீ!" எதிர்வீட்டுப் பால் திரிந்தது. அந்தக் குரல் தன்னுடையது இல்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். ராஜம்மாள் வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு குனிந்து குமட்டிக்கொண்டிருந்தாள், முகம் ஏழாக மடிந்திருந்தது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

"உவ்வே... ராணி... இன்னாடி இது! பொணம் நாறுற மாரி நாறுது! நீங்கல்லாம் எப்படிடி இங்க உசுரோட இருக்குறீங்க?"

ராணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சக்கரவர்த்தியால் சொல்ல முடியவில்லை. "நல்லா மோந்து பாருக்கா," என்றாள், "இன்னும் கொஞ்சம் மோந்து பாரு." ராஜம்மாள் ஒரு கையால் மூக்கைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள், மறுபடி விட்டாள். விட்டபோது நாற்றத்துக்கு அடியில் வேறொன்று வந்தது. தலையை சமையலறைப் பக்கம் திருப்பினாள்.

"ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தி போட்டுட்டியா?"

அன்றைக்கு அவள் அங்கேயே, பின்கட்டில், மலைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய் ரசம்சோறு, ஒரு குமட்டல், ஒரு சீ, மறுபடி ஒரு வாய். பானை காலியானதும் தட்டை நீட்டினாள். சக்கரவர்த்தி அடுத்த உலை வைக்கப் போனார். முழங்கைக்கு மேலே ஏறியிருந்த வளையல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மணிக்கட்டுக்கு வந்து நின்றது. கையைக் கழுவிவிட்டு ராஜம்மாள் மலையை முறைத்துப் பார்த்தாள். மலை பதிலுக்குச் சின்னதாக ஒரு குமிழி விட்டது. அவள் முந்தானையால் மூக்கை மூடினாள், பிறகு அதை விலக்கிவிட்டு நெஞ்சு நிறைய இழுத்து, முகத்தைச் சுளித்தாள்.

"நாளைக்கி போய் மூட்டைய எடுத்தாரச் சொல்லு உன் வூட்டுக்காரர்கிட்ட," என்றாள். "வந்தது நெசந்தான்டி. இந்த மாரி நாத்தம் நம்ம ஜில்லாவுல கெடையாது."