கழுவிக் காய்ந்த பிறகு

பெரியவர் தீக்குச்சியைக் கிழித்ததும் கடைக்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, இது நூல் கடை! மொத்தமும் பத்திக்கும்!"

"துண்டு நூல்தானே? வெளிய வச்சுக் கொளுத்துறேன். நகருய்யா."

நடைபாதையில் நின்று கொளுத்தினார். நூல் உருகவில்லை. கருகி, முடி பொசுங்கும் நாற்றம் அடித்தது. சாம்பலை நசுக்கினார். பொடியாக உதிர்ந்தது. சரி, கம்பளிதான். பிளாஸ்டிக் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாகிப் போயிருக்கும். லாரிகளை எடை போடும் மேடையில் ஆயுளைக் கழித்தவர் அவர். மணலில் தண்ணீர் ஊற்றி ஏற்றி வருகிறவன், டிரைவரோடு இன்னும் நாலு பேரை உட்கார வைத்து எடை ஏற்றுகிறவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. லேபிளையா நம்பப் போகிறார்? தெருவில் அவருக்குப் பெயரே தராசு.

உள்ளே வந்து உருண்டையைக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தார். அது வீட்டில் படுத்திருக்கும் மனைவியின் உத்தரவு. "கையில தடவிப் பாத்துட்டு வந்துடாதீங்க. உங்க கை இரும்பு. கழுத்துல வைங்க. அரிச்சா வேண்டாம். ரெண்டு உருண்டை வாங்குங்க, ரெண்டுலயும் சாய நம்பர் ஒண்ணா இருக்கணும்." காலையில் பெரிய மூச்சு ஒன்றுக்கு ரெண்டு வார்த்தையாகச் சொல்லி முடித்தாள். கால் ஜில்லென்று இருக்கிறதாம். போர்வைமேல் போர்வை போட்டும் சூடு ஏறவில்லை. கடைச் சாக்ஸ் கெண்டைக்காலைப் பிடிக்கிறதாம். டாக்டர் வாசலோடு நின்று, "இனிமே தூக்கிட்டு அலைய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சாக்ஸுக்கா? அப்போ வெறும் கம்பளி ஆகாதுங்க" என்றார் கடைக்காரர். "குதிகால்ல தேஞ்சு ஓட்டை விழுந்துடும். நைலான் கலந்தது தர்றேன். நாலு வருஷம் உழைக்கும்."

"உழைக்க வேண்டாம்."

"இல்ல பெரியவரே, நடக்க நடக்க..."

"மெத்துனு இருந்தா போதும்யா."

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து அதே கம்பளியில் சாம்பல் நிறத்தில் இரண்டு உருண்டைகளை எடுத்து, சாய நம்பரை அவரே சரிபார்த்துப் பையில் போட்டார்.

வீட்டில் கொழுந்தியாள் ஊசிகளோடு தயாராக இருந்தாள். அக்காள் தங்கை இரண்டு பேரும் பின்னுகிறவர்கள்தான், ஆனால் எலியும் பூனையும். அக்காள் இழுத்துப் பிடித்து அளந்து பின்னுவாள். தங்கைக்குக் கை தளர்வு, வாயும் தளர்வு.

"வாங்க அத்தான். நூல் வாங்கப் போனீங்களா, ஆடு மேய்க்கப் போனீங்களா?"

"ஆட்டையே ஓட்டிட்டு வந்திருப்பேன். உன்னைப் பாத்தா மிரளும்னு விட்டுட்டேன்."

படுக்கையிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. உருண்டையைக் கொண்டுபோய் அவள் கழுத்தருகே வைத்தார். கண்ணை மூடித் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். நூல் தேறிவிட்டது.

"முதல்ல சாம்பிள் போடுடி" என்றாள்.

"அக்கா, உன் கால் எனக்குத் தெரியாதா? நேரா ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள ஒண்ணு முடிஞ்சுடும்."

"சாம்பிள் போடு. கழுவு. காயட்டும். அப்புறம் அள."

கொழுந்தியாள் அவரைப் பார்த்தாள். 'இருக்கிற நேரத்தில் இது தேவையா?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவருக்கும் அதே கேள்விதான். ஆனாலும், "சொன்னதைச் செய்" என்றார்.

சொல்லக் காரணம் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில் அவள் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். சாம்பிளும் இல்லை, கீம்பிளும் இல்லை. ஆசையில் நேராக ஆரம்பித்துவிட்டாள். போட்டுப் பார்த்தபோது அளவெடுத்த மாதிரிதான் இருந்தது. ஒருமுறை துவைத்தாள். கொடியில் தொங்கியபடியே அது வளர்ந்தது. முழங்காலைத் தாண்டியது, கை இரண்டும் விரலை விழுங்கியது. பார்த்துவிட்டு அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் அவர் அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். லாரிக்காரர்கள் "கவுன் நல்லா இருக்கு அண்ணே, யார் தச்சது?" என்று அந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டினார்கள். "உங்க வீட்டுல யாராவது பின்னிக் குடுத்தாளாடா, பொறாமை பிடிச்சவனே" என்பார். நல்லா இருக்கு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாரா என்றால், இல்லை. அந்த வழக்கமே கிடையாது. அதற்குப் பிறகு, கைக்குட்டை அளவுக்குச் சதுரம் பின்னி, கழுவி, காயவைத்து, ஸ்கேல் வைத்துக் கண்ணிகளை எண்ணாமல் அவள் எதையும் ஆரம்பித்ததில்லை. "நூல் வீண்" என்று இவர் கத்துவார். "முழு ஸ்வெட்டர் வீணாகுறதுக்கு இது தேவலை" என்பாள்.

மதியத்துக்குள் சதுரம் தயாரானது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, பிழியாமல், துண்டுக்குள் சுருட்டி அமுக்கி எடுத்தாள் கொழுந்தியாள். அவர் அதைப் பலகையில் பரப்பி ஜன்னல் வெயிலில் வைத்தார். அட்டையால் விசிறினார்.

"விசிறாதீங்க" என்றாள் படுக்கையில் இருந்தவள். "தானா காயட்டும்."

அட்டையைக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்து அவள் கால்களைத் தேய்த்துவிடலாம் என்று போர்வையை விலக்கினார். தேய்த்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"அத்தான்" என்றாள் கொழுந்தியாள். "அத்தான், விடுங்க."

அழுது முடித்த பிறகு அவள் ஊசிகளைப் பைக்குள் போடப் போனாள்.

"எங்க எடுத்து வைக்கிற?"

"இனிமே எதுக்கு அத்தான்?"

"காஞ்சிருக்கும். அள."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்கேலை வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "இளகியிருக்கு. என் கைக்கு இந்த ஊசி ஆகாது. நேரா போட்டிருந்தா நழுவி விழுந்திருக்கும்." ஸ்கேலைக் கீழே வைத்தபடி, "அவ சொன்னது சரிதான்" என்றாள். அக்காள் காதுபட ஒருநாளும் சொல்லாதது.

மெல்லிய ஊசிக்கு மாறி, கண்ணிகளைக் குறைத்து ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தான். அழுதான். பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, சித்தி பாவம்பா. கை வலிக்குது அவங்களுக்கு. கடையில நல்லதா ஒரு ஜோடி வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

"பிடிக்கும்."

"என்னப்பா?"

"கடைச் சாக்ஸ் அவளுக்குக் கெண்டைக்கால்ல பிடிக்கும்."

மகன் எழுந்து போய்விட்டான்.

வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். கொழுந்தியாள் மூலையை விட்டு நகரவில்லை. யார் துக்கம் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள், விரல்கள் நிற்கவில்லை. விடியும்போது ஒரு சாக்ஸ் முடிந்திருந்தது. மற்றதில் குதிகால் திரும்பிப் பாதம் வளர்ந்துகொண்டிருந்தது. மயானத்துக்கான வண்டியை முற்பகலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டது.

"அத்தான், விரல் பக்கம் இன்னும் மூடலை."

"முடிஞ்ச வரைக்கும் குடு."

கண்ணிகள் அவிழ்ந்துவிடாமல் அவற்றினூடே ஒரு நூலைக் கோத்துவிட்டு, அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். உருண்டையிலிருந்து நூலை அறுக்கக் கத்தரியை எடுத்தாள். அவர் கையைக் காட்டி, "வேண்டாம், கூடவே இருக்கட்டும்" என்றார்.

அவரே போட்டுவிட்டார். முதல் சாக்ஸ் தொங்கவுமில்லை, இறுக்கவுமில்லை. இரண்டாவதும் அப்படியே ஏறிக் குதிகாலில் உட்கார்ந்தது. விரல்கள் மட்டும் ஐந்தும் வெளியே தெரிந்தன.

"அப்பா, வண்டிக்காரர் கூப்பிடுறார்."

"வர்றேன்னு சொல்லு."

நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த விரல்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.