பொந்துக்குள் வைத்த அமானத்

1

இந்தக் கதை ஓர் ஈயிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மனிதர்கள் வருவார்கள், பயப்படுவார்கள், சீமெந்து குழைப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதத்தான் நான் உட்கார்ந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கண்டியில் ஒரு வாசிகசாலை. மழைக்கு ஒதுங்கிய பிற்பகலில் பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குளவி வேஷம் போட்ட ஈயொன்றின் படம். உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, கொடுக்கு மட்டும் இல்லை. காற்றில் ஓரிடத்தில் அசையாமல் நின்று பறக்குமாம். நம் பேச்சில் அதற்கொரு பெயரை நான் கேட்டதில்லை. மிதவை ஈ என்று வைத்துக்கொள்கிறேன். இந்த ஈக்களில் சில வகைகளின் புழுக்கள் உக்கும் மரத்துக்குள் வளர்கின்றன என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. விழுந்த மரமெல்லாம் அவற்றுக்கு உதவாது. நின்றபடியே ஒரு பக்கம் உக்கிக்கொண்டு மறுபக்கம் தளிர்விட்டுக்கொண்டிருக்கும் மரம் வேண்டும்.

மழை விட்ட பிறகும் நான் எழும்பவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "பரிமளத்தின் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம்—"

சரிவரவில்லை. பரிமளம் நான் நன்றாக அறிந்த வகைப் பெண். கட்டுக்கலைப் பக்கம் வீடு, கந்தோரில் கிளாக் வேலை. அவள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது அடுத்த வீட்டுச் சுவர். பொந்து விழுமளவுக்கு ஒரு மரம் கிழடாக அங்கே இடமில்லை.

தொடக்கம் இரண்டு: "எல்லா உயிரும் ஒருநாள்—" (மன்னிக்க வேண்டும். இந்த இடத்திலேயே பேனையை மூடிவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "அலவத்துகொடையில் றமீஸாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் நின்றது. காற்றில் கொப்பொன்று முறிந்த இடத்தில் பொந்து விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, பிளேன்டீ நிறத்தில் கிடந்தது."

இது நடக்கும். பலா என்பதால் நினைத்தவுடன் வெட்டவும் முடியாது, அனுமதி எடுக்க வேண்டும். ஆக மரம் நின்றுதான் தீரும். மிச்சத்தை றமீஸா பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேன்.

3

றமீஸா வீட்டில் தையல் வேலை செய்கிறவள். கணவன் ஷிஹாபுக்கு அக்குறணையில் இரும்புக் கடை. ஒரே மகள் ஸஹ்றா. போன வருஷம் ஸஹ்றாவுக்கு டெங்கு வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, இரத்தப் பரிசோதனைத் துண்டு வரும்போதெல்லாம் தாதியின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே றமீஸா பாதியாகிப் போனாள். பிள்ளை பிழைத்துவிட்டது. வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக் கொடுக்கும்போது டொக்டர் சொன்னார்: "இரண்டாம் தரம் வராமப் பாத்துக்கொள்ளுங்க. இரண்டாம் தரம் வந்தா மோசம்."

அந்த வீட்டின் கேற்றடியில்தான் ஜனகன் வந்து நின்றான். யாழ்ப்பாணத்துப் பொடியன், பேராதனையில் ஆராய்ச்சி செய்கிறான். பலாமரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டான். மரத்தைப் பார்க்க வந்த மாப்பிள்ளையை அவள் அதற்குமுன் கண்டதில்லை. ஏணியைக் காட்டிவிட்டாள்.

ஏணியில் ஏறி, டோர்ச் அடித்து, நெடுநேரம் பொந்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தவன், "அக்கா, ஒரு கரண்டி தாறீங்களா?" என்றான். கொடுத்தாள். கரண்டியில் எதையோ ஏந்திக்கொண்டு இறங்கிவந்தான். விரல்நுனியளவு உடம்பும் அதைவிட நீளமான வாலுமாக ஒரு சாம்பல் புழு.

"இது வாலில்லை அக்கா, மூச்சுக்குழாய். தண்ணிக்குள்ள கிடந்துகொண்டு இதை மேல நீட்டித்தான் மூச்செடுக்கும். இந்த வகையை இந்தப் பக்கத்தில நான் இப்பதான் முதல்முதலாப் பாக்கிறன்."

"அல்லாஹ்! அத ஏன் தம்பி என்ட கறிக் கரண்டில போட்டீங்க?"

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வந்தான். புழு ஈயாகிப் பறந்தால்தான் அது எந்த ஈ என்று அடித்துச் சொல்லலாம் என்றான். அதற்குள் அவனுடைய அப்பாவுக்கு ஒப்பரேஷன் என்று ஊரிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் திரும்பி வருமட்டும் பொந்தை ஒருத்தரும் தொடாமப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா. உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்."

"அமானத்தா?" என்று கேட்டாள் றமீஸா.

அவனுக்குச் சொல் பிடிபடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.*

* நம்பி ஒப்படைத்த பொருள் அமானத். வைத்தவர் வந்து கேட்கும்போது வைத்தபடியே எடுத்துக் கொடுக்க வேண்டும். 'அமானத்தைத் தின்றவன்' என்பதைவிடக் கேவலமான வசை றமீஸாவுக்குத் தெரியாது.

4

இங்கே நான் பல நாள் நின்றுவிட்டேன். ஒரு தாய், அதுவும் டெங்குவைப் பார்த்துவிட்ட தாய், புழுக்களுக்காக எதற்கு மெனக்கெடப் போகிறாள்?

முதற் பிரதியில் றமீஸாவுக்குப் பூச்சிகளின் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு பிரியம் இருந்தது. [சின்ன வயதில் அவள் வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்திக்கொண்டு— வெட்டிவிட்டேன். பொய்.] இரண்டாம் பிரதியில் அவளுக்கு ஜனகனிடம் மகன் மாதிரி ஒரு பாசம். அதுவும் வெளிறித்தான் கிடந்தது.

பிறகு ஒருநாள் அவளை அவள் பாட்டில் விட்டுப் பார்த்தேன். அவளுக்கு அந்தப் புழுக்களைப் பிடிக்கவே இல்லை. கரண்டியை மூன்று தண்ணீரில் கழுவிய பிறகும் கறியில் போட மனம் வராமல் எறிந்துவிட்டாள். பிடிக்கும் பிடிக்காது என்பதற்கு அங்கே இடமே இல்லை. ஒருவன் நம்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் நான் அவளை நம்பினேன்.

5

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நிலூஷா என்று பெயர், சிங்களப் பெண். வேலைக்கு வந்த இடத்தில் கற்றுக்கொண்ட தமிழ். பூச்சாடித் தட்டுகளையும் கூரைப் பீலியையும் பார்த்துவிட்டு, மரத்தடியில் கிடந்த ஏணியில் தானே ஏறினார். அகப்பையால் தண்ணீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினார். ஜனகனின் வாற்புழுக்களுக்கு நடுவே சின்னச் சின்னக் காற்புள்ளிகள் போலத் துள்ளிக்கொண்டிருந்தவற்றை றமீஸாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டெங்கு நுளம்பின் புழு.

"அக்கா, இந்த ஓட்டை மூட வேணும். மண் போட்டு, மேல சீமெந்து."

"ஒரு தம்பிட பொருள் ஈக்கி மிஸ் அதுக்குள்ள. அவர் வாரமட்டும் பொறுங்களே."

நிலூஷா சிரித்துவிட்டார். "இதுக்குள்ளயா? என்ன பொருள்?" றமீஸா தட்டைக் காட்டினாள். நிலூஷாவின் சிரிப்பு போய்விட்டது. "அக்கா, உங்க மகள்தானே போன வருஷம் வார்ட்டில இருந்தது?"

றமீஸா திரும்பி வீட்டுச் சன்னலைப் பார்த்தாள்.

"நான் திரும்ப வாற நேரம் மூடி இருக்க வேணும். இல்லாட்டி கேஸ் எழுதத்தான் வேண்டி வரும்."

(வலை போட்டு மூடினால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஜனகன் முன்பே கட்டியிருந்தான். பலாப்பழத்துக்கு வந்த குரங்குகள் அதைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டன. குரங்குகளை நான் கூப்பிடவில்லை. அலவத்துகொடையில் பலாமரத்தை வைத்தால் அவை தாமாகவே வரும்.)

6

அந்தக் கிழமை முடிவதற்குள் ஸஹ்றாவுக்குக் காய்ச்சல் வந்தது.

(காய்ச்சலை வரவழைத்தது நான்தான். இதற்குப் பழிசொல்ல வேறு ஆளில்லை.)

காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாள்தான் முடிவு தெரியும். ஷிஹாப் கடையைப் பூட்டிவிட்டு ஒரு பை சீமெந்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பயம் வந்தால் அவனுக்குக் கேலி வரும்.

"ஊர்ல ஈக்கிற ஆக்களெல்லாம் நகை வெப்பாங்க, காணி உறுதி வெப்பாங்க அமானத்துக்கு. ஒனக்கு வந்து சேர்ந்தீக்கி பாரு, புழு!"

"அந்தத் தம்பிக்கு ஒரு கோல் எடுத்துப் பேசிட்டு வாரன். நீங்க கொழைங்க."

ஜனகன் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றிருக்க வேண்டும். போனில் அவனுக்குப் பின்னால் கட்டில் உருளும் சத்தம் கேட்டது. றமீஸா எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் பேசவில்லை.

இந்தக் கதையில் நான் உண்மையாகவே எழுத விரும்பியது இந்த மௌனத்தைத்தான். மற்றதெல்லாம் இதற்கு வந்துசேரும் வழி. மறுபக்கத்தில் ஒருவன் மூச்சுவிடுவது றமீஸாவுக்குக் கேட்கிறது. கொல்லையில் ஷிஹாபின் மண்வெட்டி தகரத்தில் உரசுகிறது. உள்ளே பிள்ளை இருமுகிறது. அவன் எதை எண்ணிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியாது, எண்ணிப் பார்க்கிறான் என்பது மட்டும் தெரிகிறது.

"மூடுங்கோ அக்கா," என்றான் ஜனகன். "பிள்ளைதானே முக்கியம். நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ."

"அள்ளி எடுத்து வெச்சா உசிரோட ஈக்குமா தம்பி?"

"நான் போன வருஷம் வேறொரு மரத்துப் புழுவை லாப்பில வச்சுப் பாத்தனான். ஒண்டும் தப்பேல்லை. நீங்கள் மூடுங்கோ."

வைத்தவனே விட்டுவிட்டான். மார்க்கப்படி அவள் கையில் இனிப் பொறுப்பில்லை என்று யாரும் சொல்வார்கள். ஷிஹாப் சொன்னான்.

"அவர்தான் மூடச் சொல்லிட்டாரே!"

"சொன்னார்தான். சொல்லக்கு முந்தி ஒன்னுமே பேசாம இருந்தார். அது ஒங்களுக்குக் கேக்கல்ல."

தேங்காய்ப்பால் பிழியும் துணியையும் மூடியுள்ள வாளியொன்றையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பொந்தின் தண்ணீரைத் துணியில் ஊற்றி வாளிக்குள் வடித்தாள். நுளம்புப் புழுக்கள் துணியில் தங்கின. வாற்புழுக்களை அவற்றுக்குள்ளிருந்து விரலால் பொறுக்கி எடுத்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்தாள். அடியில் கிடந்த உக்கிய மரக்குழம்பையும் அப்படியே துழாவிப் பார்த்து அள்ளிப் போட்டாள். துணியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு வாளியின் வாயில் வலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"இனி அந்தத் துணில எனக்குப் பாச்சோறு ஆக்கித் தந்துறாத," என்றான் ஷிஹாப். பிறகு பொந்தை மண்ணால் நிரப்பி, மேலே சீமெந்து பூசினான். நன்றாகத்தான் பூசினான். தடவித் தடவி, ஒரு சுவரைப் பூசுவதைப் போல.

சன்னலுக்குள்ளிருந்து ஸஹ்றா கேட்டாள்: "உம்மா, அதுகளுக்குப் பேர் வெக்கவா?"

"பேர் வெச்சா மறுகா அழ வேண்டி வரும். சும்மா படுங்க."

7

இங்கே ஒரு வசதி எனக்கு உண்டு. இரத்தப் பரிசோதனைத் துண்டு என் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் நான் எழுதுவதுதான் முடிவு. டெங்கு என்று எழுதினால் கதை கனத்துவிடும், நீங்களும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரைப் பார்ப்பீர்கள். அப்படிப் பல கதைகளை வாசித்து நானும் சுவரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையைக் கட்டிலில் போட்டுத்தான் ஒரு வாளியின் கனத்தைக் காட்ட வேண்டுமென்றால் எனக்கு எழுதத் தெரியவில்லை என்று அர்த்தம்.

டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல். ஸஹ்றா எழும்பி ரொட்டி கேட்டாள்.

அந்த நிம்மதிக்குப் பிறகுதான் வாளி கனக்கத் தொடங்கியது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பொந்தோ மூடியாகிவிட்டது. அவள் அவசரப்பட்டுவிட்டாளா? ஒருநாள் பொறுத்திருக்கலாமா? நிலூஷா வந்து சீமெந்தைத் தட்டிப் பார்த்து "ஹொந்தயி" என்று மெச்சிவிட்டுப் போனார். றமீஸா அந்த மெச்சலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ஒவ்வொரு காலையும் வலையைத் தூக்கிப் பார்த்தாள். புழுக்கள் வாலை நீட்டிக்கொண்டுதான் கிடந்தன. ஒன்றிரண்டு வாலை நீட்டாமலும் கிடந்தன.

ஜனகன் வந்தான், மெலிந்து, மழிக்காத தாடியோடு. அப்பா தேறிவிட்டார் என்றான். முதலில் மரத்தடிக்குப் போய் சீமெந்தின் மேல் கையை வைத்தான். றமீஸா வாளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வெச்ச மாதிரித் தர ஏலாமப் போச்சு தம்பி. மிச்சம் இதான். ஹயாத்தா, உசிரோட ஈக்கா சொல்லுங்க."

அவன் குந்தியிருந்து பார்த்தான். அவசரப்படாமல் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீங்களா அக்கா அள்ளினனீங்கள்? கையாலயா?"

"ஓம்," என்றாள் றமீஸா, அவனுடைய தமிழில். "அதக் கேக்காதீங்க."

ஜனகன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். "சிலது செத்துப்போச்சு. மற்றது கிடக்கு. ஆனா இதுக்குள்ள ஒரு குறை. கூடு கட்டிற நேரம் இவை தண்ணியை விட்டு ஏறவேணும். மரத்தில எண்டா ஈரமில்லாத இடமாப் பாத்து ஏறும். இஞ்ச ஏற இடமில்லை."

விழுந்து கிடந்த பலாக்கொப்பிலிருந்து பட்டையோடு ஒரு காய்ந்த கட்டையை முறித்து, வாளிக்குள் சாய்த்து வைத்தான்.

"இனி நான் கொண்டுபோறன் அக்கா. உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்."

றமீஸா வாளியின் கைபிடியை விடவில்லை. "பொந்துல வெச்சீங்க, வாளில தாரேன். அது முறையில்ல. பறக்கட்டும். பறந்தாத் தாரேன்."

"பறக்காட்டி?"

அவள் வாளியின் வாயில் வலையைத் திரும்ப இழுத்துக் கட்டினாள்.

8

முடிவு (அ): ஒரு விடியற்காலை வலைக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று அசையாமல் நின்று பறக்கிறது. ஸஹ்றா கத்துகிறாள், "உம்மா, குளவி!" [பிளேன்டீயில் சீனி கூடிவிட்டது.]

முடிவு (ஆ): ஒன்றும் ஏறவில்லை. றமீஸா வாளியைப் பலாமரத்தடியில் கவிழ்த்துவிட்டு [எதற்காக இவளை நான் இப்படித் தண்டிக்க வேண்டும்?]

முடிவு (இ): ஜனகன் சீமெந்தை உடைத்து—

மூன்றையும் விட்டுவிட்டேன். றமீஸா இப்போது தைக்கிறாள். வாளி அடுப்படி வாசலில், வெயில் படாத பக்கத்தில் இருக்கிறது. இன்று காலையும் அவள் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. எழுதுகிறவன் பார்த்தால், பார்த்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீங்கள் பார்க்கலாம். வலையை மெல்லத் தூக்குங்கள், நாற்றமடிக்கும். கட்டை சரிந்திருந்தால் நிமிர்த்தி, மேல்நுனி நனையாதபடி சாய்த்து வையுங்கள். ஏறுவதா வேண்டாமா என்பதை அவை பார்த்துக்கொள்ளும்.