அக்கா செலக்‌ஷன்

“அக்கா, இதுவா, அதுவா?”

தங்கை இரண்டு கைகளிலும் இரண்டு சதுரச் சில்லுகளை ஏந்திக்கொண்டு நின்றாள். நீச்சல் குளத்தின் உட்பூச்சுக்கான மாதிரிகள். ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவுதான் இருக்கும். ஒன்று சுத்த வெள்ளை, மற்றது இளநீலம். ஷோரூம் வெளிச்சத்தில் இரண்டுமே பளபளத்தன. பெரியவள் தோளில் நழுவிய கைப்பையை இழுத்து மாட்டிக்கொண்டாள். காலையிலேயே வயிற்றில் பற்றிக்கொண்ட எரிச்சல் இப்போது நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

பின்னே என்ன? எல்லார் வீட்டிலும்தான் தங்கை இருக்கிறாள். துணி எடுக்கக் கூப்பிடுவாள், பிள்ளைக்கு ஸ்கூல் பார்க்கக் கூப்பிடுவாள், சரி. வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி வைத்துவிட்டு, அதற்கு நிறம் எடுத்துக் கொடு என்று அக்காவைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வரும் தங்கையை யாராவது கேள்விப்பட்டதுண்டா? வேண்டுமென்றே வெறுப்பேற்றினால்கூடத் தேவலை, நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இவள் மனதில் அப்படி ஒன்றும் கிடையாது. நிஜமாகவே அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நம்புகிறவள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தலைக்கு ரிப்பன் என்றாலும், ஸ்கூல் பை என்றாலும், “அக்கா எடுக்கட்டும்” என்று ஒதுங்கி நிற்பாள். பெரியவளும் எடுத்துக் கொடுப்பாள். தனக்கு எடுத்ததைவிட எப்போதும் ஒரு பிடி மட்டமாக. சின்னவள் அதை வாங்கிக்கொண்டு ஊரெல்லாம், “எங்க அக்கா செலக்‌ஷன்” என்று காட்டிவிட்டு வருவாள். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் பெரியவள் சண்டைக்கே வந்துவிடுவாள். மூத்தவளுக்கு என்று ஒரு மரியாதை வேண்டாமா, அவ்வளவுதான் அவள் கட்சி.

அந்த மரியாதையைக் கெடுத்தது ஒரு மோட்டார். சின்னவளின் வீட்டுக்காரர் முதலில் பெண் பார்க்க வந்தது பெரியவளைத்தான். அப்போது அவர் ஒரு பட்டறையில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். நகக்கண்ணில் கறுப்பாக கிரீஸ். “கிரீஸ் துடைக்கவா என்னைப் பெத்தீங்க?” என்று உள் அறையில் நின்றுகொண்டு, கூடத்துக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள் பெரியவள். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த சின்னவள் திரும்பி வந்து, “எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள். கதை அங்கேயே முடிந்தது. பெரியவளுக்குச் சட்டை கசங்காத ஓர் ஆபீஸ்காரர் வாய்த்தார். நல்ல மனிதர். இன்றுவரை சட்டை கசங்கவில்லை, வேறெதுவும் நடக்கவுமில்லை. பட்டறைக்காரர் இன்று சொந்தமாக மோட்டார் தயாரிக்கிறார். பெரியவள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் அவர் கொடுத்த மோட்டார்தான். தினம் காலையில் ஸ்விட்சைத் தட்டியதும் அது உறுமுகிற உறுமலை, அவள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாகக் கேட்பாள்.

“மோட்டார் விஷயம் என்கிட்ட விட்டுடு, கலர் விஷயம் உங்கக்காகிட்ட விட்டுடு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம் மனிதர். தங்கை அதை வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

ஷோரூம் ஆள் டை கட்டியிருந்தார். பேச்சு நிற்காத ஆள். முதலில் ஃபில்டரைக் காட்டினார். ஆள் உயரத்துக்குக் கொழுகொழுவென்று ஒரு டிரம், உள்ளே மணல். குளத்துத் தண்ணீர் முழுக்க அதில் புகுந்து சுத்தமாகித் திரும்பி வருமாம். பெரியவளுக்குத் தன் சமையலறைக் குடிதண்ணீர் ஃபில்டர் நினைவுக்கு வந்தது. குழாய் ஒழுகி, துணி சுற்றி, கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறாள். குடிக்கிற தண்ணீருக்கு அது, பிள்ளைகள் கும்மாளம் போடுகிற தண்ணீருக்கு இது. அடுத்து ஏணி வந்தது, பளபளவென்று, முகம் தெரிகிற அளவுக்கு. அதில் தெரிந்த தன் முகம் அவளுக்கே பிடிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் நிறம் மாறி மாறி எரியும் விளக்குகளை அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். தங்கை சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். “இதெல்லாம் ஹோட்டல்காரங்க போடறது. வீட்டுக்கு வெறும் வெள்ளை விளக்குதான் மரியாதை” என்றாள் பெரியவள். தங்கை உடனே, “ஆமால்ல?” என்று கலர் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெரியவளுக்குக் கொஞ்சம் காற்று வந்தது.

உட்பூச்சுச் சில்லுகளை ஒரு மேஜை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். வெள்ளை, நீலம், பச்சை, மணல் நிறம். எதை எடுத்துத் தந்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் குளத்தில் தண்ணீர் தளும்பும், வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள், தான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து துண்டு மடித்துக் கொடுக்க வேண்டும். நினைக்க நினைக்க அவளுக்குக் கண் கரித்தது. அப்போதுதான் மேஜையின் கடைசி மூலையில் அது கண்ணில் பட்டது. செத்த சாம்பல் நிறம். கொத்தனார் கரண்டியில் காய்ந்துபோன சிமென்ட் மாதிரி இருந்தது. மேலே யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம்கூட இருந்தது. அதை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது.”

தங்கை புருவத்தைத் தூக்கினாள். “இதா?”

“மேடம், ஒரு நிமிஷம்” என்று டைக்காரர் குறுக்கே வந்தார். “அது காஞ்சிருக்கும்போது பாத்தா ஒரு மாதிரி இருக்கும். ஆனா தண்ணி…”

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆள் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவான் போலிருக்கிறதே! தண்ணீர் விட்டால் சாக்கடை மாதிரித் தெரியும் என்றுதானே சொல்ல வருகிறான்? “நீங்க சும்மா இருங்க சார். அதிக விலை உள்ளதைத் தலையில கட்டணும்னு பாப்பீங்க. என் தங்கச்சிக்கு எது பொருந்தும்னு எனக்குத் தெரியாதா?” என்று ஒரே போடாகப் போட்டாள். டைக்காரர் வாயை மூடிக்கொண்டு டையைத் தடவினார்.

தங்கை சில்லை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். “அக்கா சொன்னா சரி” என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் பெரியவள் வீட்டில் சாப்பாடு ருசியாக இருந்தது. “என்னாச்சு, ஒரே பாட்டா இருக்கு?” என்று வீட்டுக்காரர்கூடக் கேட்டார். உட்பூச்சு முடிந்த அன்று தங்கை போனில் படம் அனுப்பினாள். தண்ணீர் இன்னும் விடவில்லை. பெரியவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிமென்ட் குழி. பாதியில் நின்றுபோன கட்டடத்தின் அஸ்திவாரம் மாதிரி. அவளுக்குள் ஏதோ துள்ளியது. தோசைக்கல்லை அடுப்பில் போட்டது மறந்து, அது காய்ந்து புகைகிற வரைக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே போனும் வந்தது.

“பாத்தியாக்கா?” தங்கையின் குரலில் சுருதி இல்லை. “பாக்கிறவங்க எல்லாம் ஒரு மாதிரி முழிக்கிறாங்க. என் மாமியார், ‘மாடு குளிப்பாட்டவா’ன்னு கேக்கறாங்க. இவர் ஒண்ணும் சொல்லல. ஆனா வேணும்னா மாத்திடலாம்ங்கறார். நாளைக்குத் தண்ணி விடப் போறாங்க. விட்டுட்டா அப்புறம் மாத்தறது கஷ்டமாம். நீ சொல்லுக்கா.”

பெரியவள் அடுப்பை அணைத்தாள். ‘மாத்திடு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மறுமுனையில் தங்கை மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சின்ன வயதில் மட்டமான ரிப்பனை வாங்கிக்கொண்டு நிற்பாளே, அந்த மூச்சு. பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்துக்குப் பின்னாலேயே ஏணி பளபளத்தது, டிரம் நின்றது, மோட்டார் உறுமியது.

“உனக்கு எப்பவாவது நான் தப்பா எடுத்துக் கொடுத்திருக்கேனா?” என்று கேட்டாள்.

“அய்யோ, இல்லக்கா!”

“அப்புறம் என்ன? தண்ணி விடச் சொல்லு.”

போனை வைத்தாள். நல்லது கெட்டது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில், அவளுக்கு நினைத்த மாதிரி அமையாமல் போகட்டுமே, குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குளம் நிரம்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவள் கண்ணாடி முன்னால் முகத்தைத் தயார் செய்துகொண்டாள். ‘அடடா, இப்படி ஆயிடுச்சே’ என்று ஒன்று. ‘போகட்டும் விடு, தண்ணி தண்ணிதானே’ என்று ஒன்று. தங்கை அழுதால் தோளில் சாய்த்துக்கொள்ளத் தோதாகப் பருத்தித் துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போது வீட்டுக்காரர், “சகலை வீட்ல நீந்தத் தெரியாதவங்களுக்கும் சோறு போடுவாங்கல்ல?” என்று ஜோக் அடித்தார். அவள் சிரித்துக்கூட வைத்தாள்.

கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்கதவைத் திறந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

நீலம். சில்லில் இருந்த இளநீலம் இல்லை, இது வேறு. சாயங்காலம் வானம் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்த நீலம். ஆழம் குறைந்த பக்கத்தில் பச்சை கலந்து தொடங்கி, ஆழம் போகப் போகக் கறுத்து, நடுவில் மேகம் ஒன்று முழுசாகப் படுத்திருந்தது. தங்கையின் பிள்ளைகள் இரண்டும் அதில் குதித்தபோது மேகம் உடைந்து, மறுபடி கூடியது. சுற்றி நின்ற விருந்தாளிகள் அதையே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவள் தயார் செய்து கொண்டுவந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

“பெரியம்மா வந்தாச்சு!” என்று பிள்ளைகள் தண்ணீரிலிருந்து கத்தின.

தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கக்கா செலக்‌ஷன்னு! அந்த டைக்காரர் அன்னைக்கு இதைத்தான் சொல்ல வந்தாராம். காஞ்சிருந்தா சாம்பலாத்தான் தெரியுமாம். ஆழமாத் தண்ணி நின்னு, மேல வானமும் இருந்தாத்தான் இந்த நீலம் வருமாம். விஷயம் தெரிஞ்சவங்கதான் அதை எடுப்பாங்கன்னு சொன்னாருக்கா. நீதான் அவரைப் பேசவே விடலையே! உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?”

“தெரியும்” என்றாள் பெரியவள். வேறென்ன சொல்வாள்?

யார் யாரோ வந்து கை குலுக்கினார்கள். ஒரு பெண் தன் வீட்டுச் சுவருக்கும் நிறம் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டாள். தங்கையின் மாமியாரே வந்து, “நான்தான் அவசரப்பட்டு என்னமோ சொல்லிட்டேன்” என்றாள். ஒவ்வொரு பாராட்டும் பல்லில் மணல் மாதிரி நறநறத்தது. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. கடைசியாகத் தங்கையின் வீட்டுக்காரர் வந்தார். அவளோடு அதிகம் பேசுகிறவர் இல்லை. நகங்கள் சுத்தமாக இருந்தன. வந்து பக்கத்தில் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு நம்பிக்கையே இல்லைங்க. பாத்த உடனே அழகா இல்லாத எதையும் நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சிருந்தேன்.”

அவள் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். குத்தலா, நிஜமா? அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தெளித்த தண்ணீர்தான் இருந்தது. “சாப்பிட வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

கிளம்பும்போது தங்கை அவள் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினாள். அந்தச் சாம்பல் சில்லு. டம்ளர் வட்டம் அப்படியே இருந்தது. “கடையில கேட்டு வாங்கி வச்சேன். உன் ஞாபகமா என்கிட்ட குளமே இருக்கு. இது நீ வச்சுக்கோ.”

வீட்டுக்கு வந்ததும் அவள் உடைகூட மாற்றவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளை பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் கழுவி, சில்லை அடியில் வைத்து, குழாயைத் திறந்தாள். ஒரு சாண் தண்ணீர் வந்ததும் குனிந்து பார்த்தாள். சாம்பல். ஜன்னல் கதவை முழுக்கத் தள்ளித் திறந்தாள். பக்கத்து வீட்டுச் சுவரும், அதற்கு மேலே விரல் அகலத்துக்கு வானமும் தெரிந்தன. வாளியை அந்தப் பக்கமாக நகர்த்தினாள். அரை வாளி ஆயிற்று. சாம்பல்.

“என்ன, இவ்வளவு நேரமா தண்ணி விடற?” என்று வெளியே வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “தொட்டி காலியாயிடும்! இரு, மோட்டாரைப் போடறேன்.”

கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது. அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திருகினாள். வாளி விளிம்பு வரைக்கும் நிரம்பி, தளும்பி, உடுத்தியிருந்த பருத்தித் துணியின் ஓரத்தை நனைத்து, அவள் பாதங்களின் மேல் வழிந்து ஓடியது. அவள் அசையாமல் குனிந்து அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.