ஆறாவது அடுக்குப் பல்

செத்து எத்தனை ஆயிரம் வருடம் என்று தெரியாத ஒரு பெண், ஜீவனஹள்ளியில் அர்ஜுனன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று தெருக்குழாயில் காவேரித் தண்ணீர் வரும் நாள், ஆகவே தெருவே பார்த்தது. இடுப்பில் மான்தோல், உள்ளங்கையில் காவிக்கல் சிவப்பு, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. வரிசையில் நிற்காமல் குழாயில் வாய் வைத்ததற்கு இரண்டு பேர் திட்டினார்கள். அர்ஜுனனின் மனைவி சின்னத்தாயி பழைய நைட்டி ஒன்றைக் கொடுத்து உள்ளே கூப்பிட்டாள். வந்தவள் அசையாமல் அர்ஜுனனையே பார்த்தாள். அந்தப் பல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

பதினெட்டு வருடமாகக் குகை அகழாய்வுகளில் மண் சலிக்கிறவன் அவன். நகரத்துக்குத் தெற்கே தொல்லியல் ஆய்வாளர் கேத்தரின் மேடம் ஒரு பாறைக்குகையைத் தோண்டியபோது, கிடைத்ததையெல்லாம் கழுவிக் காயவைப்பது அவன் பொறுப்பு. எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று எழுதிய சீட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்க வேண்டும். சீட்டுப் போனால் காலமும் போச்சு. பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று மேடம் நூறு முறை சொல்லியிருந்தார். பேனாவில் எழுதினால் கையெழுத்து எடுப்பாக இருக்கும் என்பது அர்ஜுனனின் பெருமை. ஒரு நாள் ஒரு சீட்டு கழுவும் வாளியில் விழுந்து மை கரைந்தது. கையில் ஒரு பல் மிச்சம். "எந்த அடுக்கு அர்ஜுன்?" என்றார் மேடம். தெரியாது என்று அவரிடம் அதுவரை சொன்னதில்லை. "ஆறு மேடம்," என்றான். மூன்றாகவும் இருக்கலாம். இரண்டு அடுக்குக்கும் நடுவில் நாலாயிரம் வருடம் இருந்தது. அந்தப் பல்லை வைத்து மேடம் கட்டுரை எழுதினார், மேடையில் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்ட வைத்தார். அந்தக் கைதட்டலை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஏழு மாதம் அவள் வாசலிலேயே இருந்தாள். மழைக்குத் தெருக்காரர்கள் தார்ப்பாய் கட்டினார்கள். அர்ஜுனன் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சந்து வழியாக வேலைக்குப் போய்வந்தான்.

"பாவம், எங்க போறதுன்னு தெரியாம குந்திகினு இருக்கா. உனக்குத் தெரிஞ்சா சொல்லி அனுப்பேன்," என்றாள் சின்னத்தாயி. பல் விஷயம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அல்சூரில் மேடம் வீட்டுக்குப் போனான். "சீட்டு அழிஞ்சிபோச்சு மேடம். ஆறுன்னு நானா சொன்னேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அர்ஜுன்," என்றார் மேடம். திட்டியிருந்தால் தேவலை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அர்ஜுனன் கழுவும் வேலையிலிருந்து கூடை சுமக்கும் வேலைக்குப் போனான். போகும் முன் பதிவேட்டில் அந்தப் பல்லுக்கு நேரே 'அடுக்கு தெரியாது' என்று பென்சிலில் எழுதினான்.

எழுதினால் அவள் போய்விடுவாள் என்று நம்பியிருந்தான். திரும்பிப் போவதற்கு அவளுக்கென்று ஒரு காலம் இல்லை. அன்று சாயங்காலம் எழுந்து வீட்டுக்குள் வந்தாள், சின்னத்தாயி தட்டு வைத்தாள்.

அடுத்த வருடம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். "மூணாவது ஆளு, இவங்க வயசு?" என்று கேட்டாள். அர்ஜுனன் வாயில் எண்கள் முண்டியடித்தன. தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியாதும்மா," என்றான்.

கணக்கெடுக்க வந்தவள் வயசுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.