ரதியின் பல்

மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்த மருதைக்கு முன்பல் பாதி உடைந்துபோனது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாகக் சிவன் மன்மதனை எரிக்கும் கதையான காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவன் அவன். இப்போது பாடினால் பாதிச் சொல் காற்றாகப் போகிறது. கூத்துக்கு நான்கே நாள். பதுளைக்கு நடந்தே வந்து பல் டாக்டரின் காலைப் பிடித்தான்.

"மிச்சப் பல்லு மேல உறை போடலாம்," என்றார் டாக்டர். "தங்கம்னா நாளைக்கே போட்டுடலாம், ஆயுசுக்கும் நிக்கும். பீங்கான்னா அசல் பல்லு மாதிரியே இருக்கும். ஆனா கொழும்புல செஞ்சு வர ஒரு மாசம் ஆகும்."

"தங்கமாங்க?" என்றான் மருதை. "மன்மதன் எரிஞ்சதும் ரதி தாலியறுத்தவங்க. வளையலை ஒடைச்சு, மூக்குத்தியக் கழட்டி எறிஞ்சிட்டுத்தான் ஒப்பாரி பாடணும். வாயில தங்கம் மின்னினா எவ அழுவா? லயத்து வீடுங்கள்ல இருக்குற பொம்பளைங்க செத்த புருஷன நெனச்சு வாய்விட்டு அழ அந்த ஒப்பாரிதாங்க இருக்கு."

"அப்ப பீங்கானுக்குக் காத்திரு."

"கூத்துக்கு நாலு நாளுதாங்க இருக்கு. ரதி கல்யாணப் பாட்டு வரைக்கும் தங்கம் இருக்கட்டும். அழுறப்ப கழட்டிக்கிறேனே? அழுகைக்குச் சொல்லு கொளறினாலும் போகுது."

"ஒரு தடவை ஒட்டினா கழட்ட முடியாதுப்பா."

மருதை அவரை வெறித்துப் பார்த்தான். "புருஷன் செத்தா எங்க பொம்பளைங்க கழுத்துல தாலியையே கழட்டிப்புடுறாங்க. இதக் கழட்ட முடியாதாங்க?"